ஒரே திரவம், கருவிக்குக் கருவி வேறு சுவை: வேப் உள்ளே நடப்பது என்ன?

"ஸ்ட்ராபெரி என்று பாட்டிலில் போட்டிருக்கிறது, இழுத்தால் கருகின சர்க்கரை மாதிரி இருக்கிறது." வேப் எனப்படும் இ-சிகரெட் பிடிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. பழி உடனே பாட்டிலின் மேல் விழும். அதே பாட்டிலை இன்னொருவர் தன் கருவியில் ஊற்றி இழுத்துவிட்டு "அருமையாக இருக்கிறதே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பாட்டிலில் இருப்பது சுவைக்கான மூலப்பொருள் மட்டும். அது சுவையாக மாறுவது கருவிக்குள், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கம்பிச்சுருளின் மேல்.

இதைப் புரிந்துகொள்ளாமல் "பல ஃபிளேவர்களை ருசித்துப் பார்க்க எந்தக் கருவி நல்லது?" என்று கேட்டால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் விலையையும் வாட் கணக்கையும் சுற்றியே இருக்கும். அதிக வாட், அதிகப் புகை, அதனால் அதிகச் சுவை என்று ஒரு தவறான கணக்கும் பரவிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாற நினைக்கும், அல்லது ஏற்கெனவே மாறிவிட்ட, 18 வயது கடந்தவர்களுக்காக. புகைப்பழக்கமே இல்லாதவர் ஃபிளேவருக்காக இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. நிக்கோடின் பழக்கம் அத்தனை எளிதில் விடாது.

## முதலில் சட்டம்

இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனை வைத்து. அங்கே விதிகள் தெளிவாக இருக்கின்றன. லண்டன் பக்கம் மூலைக்கடை நடத்தும் தமிழர்கள் நிறையப் பேர் இந்தப் பொருளைக் கவுன்டருக்குப் பின்னால் வைத்து விற்கவும் செய்கிறார்கள். 2016 முதல் அங்கே நடப்பில் உள்ள விதிப்படி, நிக்கோடின் கலந்த திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு அதிகபட்சம் 20 மில்லிகிராம் நிக்கோடின்தான் இருக்கலாம். பாட்டில் 10 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. கருவிக்குள் திரவத்தை நிரப்பும் டேங்க் 2 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடை.

இந்தியாவில் 2019-இல் வந்த சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விற்பனைக்காகச் சேமிப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம், 2018 முதல். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து மருந்துக்கடைகளில் மட்டும்தான் விற்கலாம். ஃபிளேவரும் புதினா, மென்தால், புகையிலை மூன்றோடு சரி. ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாமா என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொருமுறை படித்துவிடுவது நல்லது.

## விளக்குத் திரியும் வேப்பும்

மண்ணெண்ணெய் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எண்ணெய், அதில் முங்கிய திரி, மேலே சுடர். திரி எண்ணெயை மேலே இழுக்கிறது. எண்ணெய் சுடரின் சூட்டில் ஆவியாகி எரிகிறது. எண்ணெய் இருக்கும் வரை திரி அவ்வளவாகக் கருகாது. எண்ணெய் தீர்ந்தால் திரியே எரிய ஆரம்பிக்கும், வீடெல்லாம் அந்தக் கருகல் நெடி பரவும்.

வேப்பிலும் திரி உண்டு, பெரும்பாலும் பருத்திப் பஞ்சு. எண்ணெயின் இடத்தில் திரவம். இதை இ-லிக்விட் என்கிறார்கள். சுடரின் இடத்தில், பேட்டரி மின்சாரத்தில் சூடாகும் கம்பிச்சுருள். இதற்குப் பெயர் காயில். காயில் சூடாகும்போது திரியில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகிறது. நீங்கள் இழுக்கும் காற்று அந்த ஆவியை அடித்துக்கொண்டு வாய்க்கு வருகிறது.

விளக்குக்கும் இதற்கும் ஒரே ஒரு பெரிய வேறுபாடு: இங்கே எதுவும் எரிவதில்லை, எரியவும் கூடாது. சிகரெட்டின் நுனி, இழுக்கும்போது ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் அந்த எரிதலில் பிறப்பவை. நன்றாக நனைந்திருக்கும் காயில் பொதுவாக 300 டிகிரிக்குக் கீழேயே நிற்கும். திரவம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் காயில் அதற்கு மேல் ஏறுவதில்லை. 2003-இல் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர் இன்றைய இ-சிகரெட்டுக்கு வழிகோலிய கருவியை வடிவமைத்தபோது அடிப்படை எண்ணமே இதுதான்: நிக்கோடின் கிடைக்க வேண்டும், எரிதல் இருக்கக் கூடாது.

அதனால்தான் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை, வேப் சிகரெட்டைவிடத் தீமை மிகக் குறைந்தது என்கிறது. தீமையே இல்லாதது அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது.

## வெளியே வருவது நீராவி இல்லை

"வெறும் நீராவிதானே" என்பது இந்த விஷயத்தில் அதிகம் உலவும் பொய். காயிலிலிருந்து கிளம்பும் ஆவி, குளிர்ந்த காற்றைத் தொட்டதும் நுண்ணிய துளிகளாகச் சுருங்கிவிடுகிறது. வெள்ளையாகத் தெரியும் மேகம் அந்தத் துளிகளின் கூட்டம். காற்றில் மிதக்கும் இப்படிப்பட்ட துளிக் கூட்டத்துக்கு ஏரோசால் என்று பெயர். அதில் தண்ணீர் கொஞ்சம்தான். மீதி, பாட்டிலில் இருந்த எல்லாமும்: கரைப்பான், நிக்கோடின், ஃபிளேவர் பொருள்கள், கூடவே சூட்டில் புதிதாக உருவான சிறு அளவு வேதிப்பொருள்கள்.

இதுவரை சொன்னது: திரி திரவத்தை ஊட்டுகிறது, காயில் அதை எரிக்காமல் ஆவியாக்குகிறது, ஆவி துளிகளாக மாறி வாய்க்கு வருகிறது. இந்த மூன்றில் எது தடுமாறினாலும் சுவை மாறும்.

## திரவத்துக்குள் என்ன இருக்கிறது

இ-லிக்விடின் பெரும்பகுதி இரண்டே பொருள்கள். ஒன்று புரோப்பிலீன் கிளைக்கால், சுருக்கமாக பி.ஜி. மற்றது தாவர கிளிசரின், அதாவது வி.ஜி. பாட்டில்களில் 50/50, 70/30 என்று போட்டிருப்பது இந்த இரண்டின் விகிதம்தான்.

பி.ஜி. நீர்த்தது, எளிதாக ஓடும், 188 டிகிரியில் கொதிக்கும், தனக்கென்று சுவை அதிகம் இல்லாதது. ஃபிளேவர் பொருள்களை நன்றாகக் கரைத்து வைத்திருக்கும், தொண்டையில் சிகரெட் போன்ற ஒரு பிடிப்பையும் தரும். வி.ஜி. கெட்டியானது, 290 டிகிரியில் கொதிப்பது, லேசாக இனிப்பது. மேகம் அடர்த்தியாக வருவது இதனால்தான்.

விளக்கில் மண்ணெண்ணெய் சட்டென்று திரியில் ஏறும், விளக்கெண்ணெய் மெதுவாக ஏறும் இல்லையா? அதேதான் இங்கும். மெல்லிய திரியும் சிறு துளைகளும் உள்ள சின்னக் கருவியில் 70 சதவீத வி.ஜி. திரவத்தை ஊற்றினால், காயில் ஆவியாக்கும் வேகத்துக்குத் திரி ஈடுகொடுக்காது. இரண்டு இழுப்பு நன்றாக இருக்கும், மூன்றாவது கருகும். பெரிய துளைகள் உள்ள கருவியில் 50/50 திரவத்தை ஊற்றினால் அடிவழியாகக் கசிந்து சட்டைப்பை நனையும். ஃபிளேவர் மோசம் என்று தூக்கிப் போடப்படும் பாட்டில்களில் பல, உண்மையில் தவறான கருவியில் ஊற்றப்பட்டவை என்பது என் எண்ணம்.

## வாட் கூடினால் சுவை கூடுமா?

காயிலின் மின்தடையை ஓம் என்ற அலகில் சொல்வார்கள். தடை குறைந்தால் அதிக மின்சாரம் பாயும், அதிகச் சூடு பிறக்கும். பிறக்கும் சூட்டின் வேகம்தான் வாட். கணக்கு பள்ளிக்கூட இயற்பியல்தான்: மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, தடையால் வகுக்க வேண்டும். பேட்டரி 3.7 வோல்ட் என்று வையுங்கள். காயில் 1.2 ஓம் என்றால் சுமார் 11 வாட். 0.2 ஓம் என்றால் சுமார் 68 வாட். பேட்டரி அதேதான், காயில் மாறியதும் சூடு ஆறு மடங்கு.

11 வாட் கருவியைச் சிகரெட் போல முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகு நுரையீரலுக்குள் விடுவார்கள். காற்றுவழி குறுகலாக இருக்கும். 68 வாட் கருவியில் காற்றுவழி அகலம். நேராக நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் இந்த இரண்டு வகைக்குள் எங்காவது வந்துவிடும்.

சரி, சுவைக்கு எது நல்லது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு ஃபிளேவர் என்பது ஒரே பொருள் அல்ல, பல மணப்பொருள்களின் கலவை. வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிடேட் 142 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெனிலாவின் மணமான வெனிலின் 285 டிகிரி வரை போக வேண்டும். பழ மணங்கள் பொதுவாக லேசானவை, சீக்கிரம் எழும்பும். கஸ்டர்ட், காபி, கேக் வகைகளின் மணங்களில் பல கனமானவை. அதனால் ஒரே திரவத்தைக் குறைந்த வாட்டில் இழுத்தால் பழம் முன்னால் நிற்கும், வாட் ஏற ஏற வெனிலாவும் கிரீமும் மேலெழும்பும், பழம் மங்கும். "ஸ்ட்ராபெரி கஸ்டர்ட்" என்ற ஒரே பாட்டிலில் ஒருவருக்கு ஸ்ட்ராபெரியும் மற்றவருக்குக் கஸ்டர்டும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காற்றும் சேர்ந்து விளையாடும். காற்றுவழியை அகலத் திறந்தால் ஏரோசால் நீர்த்துப்போகும், சுவை மெலியும். கொஞ்சம் மூடினால் சுவை அடர்த்தியாகும், ஆனால் காயில் குளிராமல் சூடேறும். வாட் கூடினால் சுவை கூடும் என்பது ஒரு எல்லை வரைதான். அதற்கப்புறம் கூடுவது சூடும் செலவும் மட்டும்.

சுருக்கமாக: காயிலின் ஓம் சூட்டைத் தீர்மானிக்கிறது, சூடு எந்த மணம் முன்னால் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது, காற்று அதன் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது.

## ருசிப்பது நாக்கு மட்டும் அல்ல

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சி போன்றவற்றின் சுவை) ஆகியவைதான். ஸ்ட்ராபெரி, காபி, வெனிலா என்ற பிரிவெல்லாம் மூக்கின் வேலை. வாயின் பின்புறம் வழியாக மணம் மூக்குக்கு ஏறுகிறது. அதனால் ஏரோசாலை வாய் வழியே ஊதித் தள்ளினால் பாதி மணம் அதோடு போய்விடும். கொஞ்சத்தை மூக்கு வழியே விட்டால்தான் ஃபிளேவரின் விவரம் தெரியும்.

ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகர்ந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தினமும் ஒரே ஃபிளேவர் பிடிப்பவர்களுக்குத் திடீரென்று "சுவையே தெரியவில்லை" என்று ஆவது இதனால்தான். பி.ஜி. வாயை உலர்த்துவதும் கூடச் சேரும். தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் விட்டு, வேறு மணத்துக்குப் போனால் திரும்பிவிடும்.

மென்தால் தனி ரகம். அது மணம் மட்டும் அல்ல. குளிரை உணரும் நரம்புகளையே தட்டி எழுப்புகிறது. உண்மையில் எதுவும் குளிராமலே குளிர்கிறது. "ஐஸ்" என்று முடியும் ஃபிளேவர்களிலும் இப்படிப்பட்ட குளிர்பொருள்தான். அதை முதலில் இழுத்துவிட்டால் அடுத்து வரும் மென்மையான பழம் எதுவும் தெரியாது.

## அப்படியானால் எந்தக் கருவி?

மூன்று வகைகள்தான் இன்று கணக்கில் உள்ளவை.

பாட் என்பது சின்னக் கருவி. திரவமும் காயிலும் ஒரே பிளாஸ்டிக் குப்பிக்குள் இருக்கும். அந்தக் குப்பிதான் பாட். நீங்களே ஊற்றி நிரப்பிக்கொள்ளும் வகை வாங்குங்கள். 50/50 திரவம், ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் உள்ள காயில், குறைந்த வாட். சிகரெட்டிலிருந்து மாறுபவருக்கு இழுக்கும் முறையும் பழகியதாகவே இருக்கும்.

டேங்க் கருவியில் காயிலைத் தனியாகக் கழற்றி மாற்றலாம், வாட்டைக் கூட்டிக் குறைக்கலாம். மேலே சொன்ன வாட் விளையாட்டைப் பார்க்க விரும்பினால் இது நல்லது. ஆனால் ஒரு ஃபிளேவரை மாற்ற 2 மில்லிலிட்டரையும் காலி செய்து, கழுவி, காயிலையும் மாற்ற வேண்டும். பல ஃபிளேவர்களை அடுத்தடுத்து ருசிக்க இது வசதி இல்லை.

டிரிப்பர் என்பதில் டேங்க்கே கிடையாது. திறந்த ஒரு மேடையில் காயிலும் பஞ்சும் இருக்கும். பஞ்சில் நேராகச் சில சொட்டு விட்டு, மூடி, இழுக்க வேண்டும். ஃபிளேவர் தயாரிப்பவர்கள் பலர் சோதனைக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சில சொட்டு போதும், பஞ்சை மாற்றினால் பழைய ஃபிளேவர் போய்விடும், சுவையும் தெளிவு. ஆனால் காயிலை நீங்களே கட்ட வேண்டும், அதன் ஓமை மீட்டரில் பார்க்க வேண்டும், பேட்டரியின் தாங்குதிறன் தெரிந்திருக்க வேண்டும். 0.2 ஓம் காயிலில், முழுதும் சார்ஜ் ஆன 4.2 வோல்ட் பேட்டரியிலிருந்து 21 ஆம்பியர் பாயும். 20 ஆம்பியர்தான் தாங்கும் பேட்டரியை அங்கே போட்டால் அது சூடேறும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. 18650 எனப்படும் அந்த உருளை பேட்டரிகளைச் சாவிக்கொத்தோடு பையில் போடுவதும் இதே ஆபத்துதான்.

புதியவருக்கு என் பதில்: ஊற்றி நிரப்பும் பாட் ஒன்று, கூடவே தனி பாட்கள் சில. பழங்களுக்கு ஒன்று, கஸ்டர்ட் வகைக்கு ஒன்று, மென்தாலுக்குக் கட்டாயம் தனியாக ஒன்று. மென்தால், லவங்கப்பட்டை, சோம்பு மணங்கள் பஞ்சிலும் ரப்பர் வளையங்களிலும் ஏறிக்கொண்டு, எத்தனை கழுவினாலும் அடுத்த திரவத்தில் எட்டிப் பார்க்கும். லவங்கப்பட்டையும் எலுமிச்சையும் சில பிளாஸ்டிக் டேங்குகளில் விரிசலே விழ வைக்கும். டிரிப்பர் பக்கம் அவசரமாகப் போக வேண்டாம்.

புது காயில் போட்டால் திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பஞ்சு முழுக்க நனையாமல் முதல் இழுப்பு இழுத்தால் அங்கேயே கருகிவிடும், அந்தக் காயில் அதோடு முடிந்தது. சூக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி சேர்த்த திரவங்கள் காயிலில் கறுப்பாகப் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும். அதிகம் இனிக்கும் ஃபிளேவரைக் கடைசியில் வைத்துக்கொள்வது காசுக்கு நல்லது.

## கருகல் வாசனை ஒரு எச்சரிக்கை

திரி உலர்ந்த பிறகும் காயில் சூடானால் பி.ஜி.யும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகும். 2015-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வுக் கடிதத்தில், ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் வைத்தபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டது. அந்த அளவு சூட்டில் கருகல் சுவை தாங்காமல் யாரும் இழுக்கவே மாட்டார்கள் என்று பிற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரண்டு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் பயனருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: கருகின சுவை வந்த நொடியே நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு இழுப்பு" வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். ஃபிளேவர் பாட்டிலில் "உணவுத் தரம்" என்று இருந்தால் அது சாப்பிடப் பாதுகாப்பானது என்றுதான் பொருள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற உத்தரவாதம் கிடையாது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிடைல் இதற்குச் சான்று. சாப்பிடுபவருக்கு அது தீங்கு செய்யவில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த கடும் நுரையீரல் நோய், அந்த வெண்ணெய் மணத்தின் ஆவியைச் சுவாசித்ததோடு தொடர்புள்ளது என்று கண்டறிந்தார்கள். பிரிட்டனில் 2016 முதல் இ-லிக்விடில் அதற்குத் தடை. லவங்கப்பட்டை மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடும் ஆய்வுக்கூடத்தில் சுவாசக்குழாய் செல்களைப் பாதிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஃபிளேவரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெய் கலந்த எதையும், வீட்டு எசன்ஸையும், கருவியில் ஊற்றவே கூடாது. 2019-இல் அமெரிக்காவில் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பு பரவலாக வெடித்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவோ இறந்ததாகவோ பதிவானது. இறந்தவர்கள் 68 பேர். முக்கியக் குற்றவாளியாகத் தெரியவந்தது கஞ்சா திரவங்களில், பெரும்பாலும் கள்ளச்சந்தைச் சரக்கில், கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள். பாட்டில் எங்கிருந்து வருகிறது என்பது ஃபிளேவரைவிட முக்கியமாவது இதனால்தான்.

## ருசிக்க உட்காரும்போது

நிக்கோடின் கணக்கை மறந்துவிடாதீர்கள். 20 மில்லிகிராம் திரவத்தில் ஐந்து ஃபிளேவர்களை அடுத்தடுத்து இழுத்தால் தலைச்சுற்றல், குமட்டல், விக்கல் எல்லாம் வரும். ருசி பார்ப்பதற்கென்றே குறைந்த அளவு நிக்கோடின் உள்ளதை, முடிந்தால் நிக்கோடின் இல்லாததை வாங்குங்கள். அதிக வாட் கருவியில் ஒரு இழுப்பிலேயே நிறையத் திரவம் ஆவியாகிறது; அங்கே 3 மில்லிகிராமே போதும். பாட்டில்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் நிக்கோடின் நஞ்சு.

பழத்தில் தொடங்கி, கிரீம், காபி வகைகளுக்குப் போய், மென்தாலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு அமர்வுக்கு மூன்று ஃபிளேவருக்கு மேல் மூக்கு ஒத்துழைக்காது. முதல் நாள் பிடிக்காத வெனிலா, கஸ்டர்ட் திரவங்களை மூடி, இருட்டான இடத்தில் ஓரிரு வாரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சில நன்றாக மாறியிருக்கும்.

பெரிய பாட்டிலை எடுத்ததும் வாங்காதீர்கள். பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்கு 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுண்ட் தனி வரி, நிக்கோடின் இல்லாத திரவத்துக்கும் சேர்த்து. நிக்கோடினைப் பிறகு கலந்துகொள்ளலாம் என்று விற்கும் 100 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு இந்த வரி மட்டும் 22 பவுண்ட் ஆகிறது. 10 மில்லிலிட்டர் பாட்டிலில் ருசி பார்த்து, உங்கள் கருவியில், உங்கள் வாட்டில் அது பிடித்திருக்கிறது என்று உறுதியான பிறகு பெரியதற்குப் போங்கள்.